ஒரே பாட்டு, ரெண்டு பிரஸ்ஸிங்: காரைக்குடி பக்கம் பழைய எல்பி வாங்கி எது நல்லாருக்குன்னு கேட்டுப் பாக்கற வழி

நம்ம காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புதுசா ரெக்கார்டு சேர்க்க ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைகள்ல பித்தளைக் குத்துவிளக்கு, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி இதுக்கெல்லாம் அடியில ஏதாவது ஒரு அட்டைப்பெட்டியில எல்பி (நிமிஷத்துக்கு 33⅓ சுத்து ஓடற பெரிய இசைத்தட்டு) கிடக்கும், வீட்டைப் பிரிக்கறப்பவும் பங்கு பாகம் ஆகறப்பவும் வெளிய வர்ற சரக்கு அது. பர்மா, மலேயா, சிலோன்னு கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போன குடும்பங்களோட சாமான்ங்கறதால, கல்கத்தா டம்டம்ல அழுத்தின எம்.எஸ். சுப்புலட்சுமி ரெக்கார்டும், இங்கிலாந்துல அழுத்தி பினாங்குல வாங்கின அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் ரெக்கார்டும் ஒரே பெட்டியில பக்கத்துல பக்கத்துல நிக்கும். ஒரே ஆல்பம் ரெண்டு பிரதி கிடைக்கறதும் உண்டு, ஒண்ணு அறுபதுகள்ல வந்தது, இன்னொண்ணு பின்னாடி மறுபடி போட்டது. இப்படி ஒவ்வொரு தடவையும் தட்டா அழுத்தி வெளியிடறதைத்தான் பிரஸ்ஸிங்னு சொல்றது.

இந்த ஊருக்கும் இசைத்தட்டுக்கும் பழைய சம்பந்தம் இருக்கு. ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்துலதான் இருந்தார், சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலமா ஓடியன் லேபிள்ல தமிழ் ரெக்கார்டுகள் கொண்டு வந்தார், அப்பறம்தான் தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டுடியோ போட்டு, 1947ல வந்த நாம் இருவர் படத்தை இங்கயே எடுத்தாங்க. கர்நாடக சங்கீத வித்வான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பொறந்த அரியக்குடி காரைக்குடியை ஒட்டியே இருக்கு, கண்ணதாசனோட சிறுகூடல்பட்டியும் பக்கம்தான். அதனால இந்தக் குரல்களையும் பாட்டுகளையும் சரியாக் கேக்கறது நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு கடமைன்னே நான் நெனைக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். ரெண்டு பிரதி கையில இருக்கு, ஒண்ணுல குரல் உருண்டையா நிக்குது, இன்னொண்ணுல 'ஸ'வும் 'ஷ'வும் காதைக் குத்துது. உடனே "பழைய பிரஸ்ஸிங்தான் ஒசத்தி"ன்னு சொல்லிடறோம். அது உண்மையாவும் இருக்கலாம், ஆனா பாதி நேரம் அந்த வித்தியாசம் பிரஸ்ஸிங்ல இருந்து வர்றதே இல்ல, அழுக்கு, தேய்மானம், ஊசி, சத்த அளவு, நீங்க உக்காந்து கேக்கற ரூமு, இதுல ஏதோ ஒண்ணுல இருந்து வருது. இதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கினப்பறம் மிச்சம் என்ன நிக்குதோ அதுதான் பிரஸ்ஸிங் வித்தியாசம். கீழ சொல்றது எல்லாமே அதுக்கான வேலைதான்.

முதல்ல: கையில இருக்கறது என்னன்னு அடையாளம் காணுங்க

கடையிலயே செய்ய வேண்டிய வேலை இது. "அண்ணே, கொஞ்சம் வெளிச்சத்துல பாத்துக்கறேன்"னு சொல்லி தட்டை உறையில இருந்து எடுங்க, ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடிங்க, பாட்டு ஓடற இடத்துல விரல் படவே கூடாது.

லேபிள்ல நம்பரைப் பாருங்க. எச்எம்வி-யோட இந்திய எல்பிகள்ல ஈசிஎல்பி-னு ஆரம்பிச்சா மோனோ (ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம்), ஈசிஎஸ்டி-னு ஆரம்பிச்சா ஸ்டீரியோ (ரெண்டு பக்கமும் வேற வேற சத்தம்). அட்டையில ஒரு நம்பரும் லேபிள்ல வேற நம்பரும் இருந்தா யாரோ உறையை மாத்திப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், பழைய வீட்டுச் சரக்குல இது ரொம்ப சகஜம், நீங்க லேபிளை நம்புங்க.

அடுத்தது முக்கியம். கடைசிப் பாட்டு முடிஞ்சு லேபிள் ஆரம்பிக்கற வரைக்கும் வழவழப்பா ஒரு வளையம் இருக்கும், அதை ரன்அவுட்னு சொல்வாங்க. செல்போன் டார்ச்சை மேல இருந்து அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, தட்டை மெதுவா சுத்திக்கிட்டே வாங்க. முதல்ல ஒண்ணும் தெரியாது, வெளிச்சம் ஒரு கோணத்துக்கு வந்ததும் அச்சடிச்ச நம்பர் பளிச்சுன்னு எழும்பும், அது பக்கத்துலயே சில சமயம் கையால கீறின எழுத்தும் இருக்கும். அதுதான் அந்தத் தட்டோட பிறப்புச் சான்றிதழ். அட்டை ஒண்ணாவே இருந்தாலும் இந்த நம்பர் வேற வேறயா இருந்தா சத்தமும் வேறயா இருக்க வாய்ப்பு உண்டு.

ஏன்னு புரியறதுக்குத் தட்டு எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்கணும். டேப்புல இருக்கற பாட்டை லேக்கர் பூசின ஒரு தட்டுல வெட்டுவாங்க. வெட்டறவர் பாஸ் (கீழ் ஸ்தாயிச் சத்தம்) எவ்வளவு வைக்கறது, 'ஸ' சத்தத்தை எவ்வளவு அடக்கறதுன்னு அங்கதான் முடிவு பண்றார். அந்த லேக்கர் மேல உலோகம் ஏத்தி ஃபாதர், அதுல இருந்து மதர், மதர்ல இருந்து ஸ்டாம்பர், ஸ்டாம்பரை வச்சு நீங்க வாங்கற தட்டு. ஆக வித்தியாசம் ரெண்டு இடத்துல வரலாம். திரும்ப வெட்டியிருந்தா குரலோட குணமே மாறும். ஒரே வெட்டுல வேற ஸ்டாம்பர்னா குணம் மாறாது, தெளிவும் இரைச்சலும்தான் கொஞ்சம் மாறும், ஏன்னா ஸ்டாம்பர் அழுத்த அழுத்தத் தேயும்.

இங்கிலாந்துல ஹேஸ் ஆலையில அழுத்தின இஎம்ஐ (எச்எம்வி-யோட தாய்க் கம்பெனி) தட்டு உங்களுக்குக் கிடைச்சா (மலேயா போய் வந்த வீடுகள்ல கிடைக்கும்) அதுல ஒரு அழகான குறி இருக்கும். ரன்அவுட்ல அச்சடிச்ச நம்பர் (மேட்ரிக்ஸ் நம்பர்) கடைசியில ஒரு கோடு போட்டு 1, 2, 3-னு இருக்கறது எத்தனாவது வெட்டுன்னு சொல்லும். அந்த நம்பரை ஆறு மணி நிலையில வச்சுப் பாத்தா ஒம்போது மணி பக்கம் மதர் நம்பர், மூணு மணி பக்கம் ஸ்டாம்பருக்கான இங்கிலீஷ் எழுத்து. கிராமஃபோன் லிமிடெட்ங்கற கம்பெனிப் பேரைச் சுருக்கினா வர்ற பத்து எழுத்தை (GRAMOPHLTD) வரிசையா 1, 2, 3-னு எண்ணிக்கிட்டாங்க, பத்தாவது எழுத்து 0. ஜி-ன்னா முதல் ஸ்டாம்பர், ஆர்-னா ரெண்டாவது, ஏ-ன்னா மூணாவது, ஜிஆர்-னா பன்னெண்டாவது. நம்பர் சின்னதா இருந்தாலே சத்தம் ஒசத்தின்னு எடுத்துக்காதீங்க, காது சொல்றதுதான் கடைசி. ஆனா ரெண்டு தட்டும் ஒண்ணா வேறயான்னு கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

லேபிள் போட்டோவையும் ரன்அவுட் நம்பரையும் டிஸ்காக்ஸ்ங்கற ரெக்கார்டு விவர வெப்சைட்ல தேடிப் பாருங்க. மேல்நாட்டு ஆல்பத்துக்கு நெறய தகவல் கிடைக்கும், தமிழ் தட்டுக்கு ரொம்பக் குறைவு, அதனால உங்க நோட்டுதான் உங்களுக்கு ஆதாரம்.

ஸ்டீரியோன்னு போட்டிருந்தா மயங்காதீங்க

எல்பி வந்தது 1948ல, ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது 1958ல. அதுக்கு முன்னாடி பதிஞ்ச பாட்டு பெரும்பாலும் மோனோதான், ஆனா ஸ்டீரியோ மோகம் வந்ததும் பழைய மோனோ பாட்டையே எலெக்ட்ரானிக் முறையில ரெண்டாப் பிரிச்சு ஸ்டீரியோ மாதிரி வித்தாங்க. கேபிடல் கம்பெனி 1961ல இருந்து இதுக்கு டியோஃபோனிக்னு பேரே வச்சது, 1955ல மோனோவா வந்த, அமெரிக்கப் பாடகர் சினாட்ராவோட 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' ஆல்பம் கூடப் பின்னாடி அப்படி வந்திருக்கு. குரலை விரும்பிக் கேக்கறவங்களுக்கு இது ஆகாத வேலை. குரல் நடுவுல நிக்காது, ஒரு பக்கம் மேல் ஸ்தாயியும் இன்னொரு பக்கம் கீழ் ஸ்தாயியும் போய் ஆள் கரைஞ்சு போயிடுவார்.

கண்டுபிடிக்கறது சுலபம். ஆம்ப்ளிஃபயர்ல மோனோ பட்டன் இருந்தா அழுத்துங்க, நிஜ மோனோ பதிவுன்னா குரல் அப்படியே நிக்கும், இரைச்சல் மட்டும் குறையும். போலி ஸ்டீரியோன்னா அழுத்தினதும் குரலோட நிறமே மாறும், சப்பையாகும். ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேந்து பாடி 1956ல வந்த 'எல்லா அண்ட் லூயி' ஆல்பம் மோனோ பதிவு, அந்த மாதிரி ஆல்பத்துக்கு மோனோ தட்டையே தேடுங்க.

இன்னொண்ணு, மோனோ தட்டை எப்பவும் மோனோ பட்டன் போட்டே கேளுங்க. மோனோவுல பாட்டு பக்கவாட்டு அசைவுல மட்டும்தான் இருக்கு, மேல கீழ அசையறது எல்லாம் தூசியும் தேய்மானமும்தான், ரெண்டு சேனலையும் சேத்தா அந்த மேல கீழ சத்தம் தன்னால அடிபட்டுப் போயிடும். ஒரு தட்டை மோனோல கேட்டு இன்னொண்ண ஸ்டீரியோல கேட்டு ஒப்பிட்டா அது ஒப்பீடே இல்ல.

ரெண்டையும் ஒரே மாதிரி கழுவுங்க

நம்ம ஊர் செம்மண் தூசி ரொம்ப நைசு, பாட்டு ஓடற பள்ளத்துல போய் உக்காந்துக்கும். வீட்டு போர் தண்ணியில கழுவவே கழுவாதீங்க, காய்ஞ்சதும் உப்பு படிஞ்சு முன்னைக்கு இப்ப இரைச்சல் அதிகமாயிடும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டர் மெக்கானிக் கடையில கிடைக்கும், கேன் மேல படிச்சுப் பாத்து வாங்குங்க, ஆசிட் கேனை மாத்தி எடுத்துடாதீங்க. அதுல வாசனையும் கலரும் இல்லாத பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு. மெல்லிசான முடி இருக்கற பிரஷ்ல பாட்டு ஓடற திசையிலயே வட்டமா ஓட்டுங்க, குறுக்க தேய்க்காதீங்க, லேபிள்ல தண்ணி படாம பாத்துக்கோங்க, அப்பறம் வெறும் டிஸ்டில்ட் வாட்டர்ல அலசி நிழல்ல நிக்க வச்சுக் காய விடுங்க. முத்தத்துல வெயில் நல்லாருக்கேன்னு அங்க வச்சுடாதீங்க, சித்திரை வெயில்ல தட்டு நெளிஞ்சு போயிடும், நெளிஞ்சதைச் சரி பண்றது கஷ்டம்.

78 சுத்து அரக்குத் தட்டுகளுக்கு ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் ஆகாது, அரக்கு கரைஞ்சுடும். அந்தத் தட்டுகளுக்கு ஊசியும் வேற, எல்பி ஊசி முனையோட ஆரம் ஒரு மில் (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இல்லன்னா அதுக்கும் கம்மி, 78க்கு மூணு மில் வேணும், எல்பி ஊசியை அதுல வச்சா பள்ளத்தோட அடியில உருண்டுக்கிட்டு வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும். அரியக்குடியோட பழைய 78 தட்டையும் அதே பதிவை எடுத்துப் பின்னாடி எல்பியில போட்டதையும் ஒப்பிடணும்னு ஆசைப்பட்டா முதல்ல இந்த ஊசியை வாங்கிடுங்க. ஆடியோ டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டற தலைப்பகுதி) வச்சிருந்தா ஊசியை மட்டும் கழட்டி 78க்கான எஸ்பி ஊசியை மாட்டலாம், கார்ட்ரிட்ஜ் மாத்த வேண்டாம்.

ஊசி, எடை, வேகம்

ஊசி புதுசா இருக்கணும், இல்லன்னா எவ்வளவு ஓடியிருக்குன்னாவது தெரிஞ்சிருக்கணும். ஊசி தட்டு மேல அழுத்தற எடையைத் தராசு வச்சுப் பாருங்க, சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைன்ல கிடைக்குது. விஎம்95இ-ன்னா 2 கிராம், கம்பெனி சொல்ற எல்லை 1.8ல இருந்து 2.2 வரைக்கும். எடை கம்மியா வச்சா தட்டு தேயாதுன்னு சிலபேர் சொல்றாங்க, அது தப்பு. கம்மியா இருந்தா ஊசி பள்ளத்துக்குள்ள குதிச்சு சுவரை அடிக்கும், அந்த அடிதான் தட்டைக் கெடுக்கும், 'ஸ'வும் சிதறும். கார்ட்ரிட்ஜ் கோணத்தை புரோட்ராக்டர் அட்டை வச்சு அதுல இருக்கற ரெண்டு புள்ளியிலயும் நேர் பண்ணுங்க. பக்கத்தோட கடைசிப் பாட்டுல குரல் கிழியுதுன்னா முக்காவாசி நேரம் காரணம் இதுதான்.

வேகம் நமக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா கர்நாடக சங்கீதம் கேக்கற காது சுருதியை உடனே பிடிச்சுடும். 33⅓ சுத்துக்கு 50 ஹெர்ட்ஸ்ல பாக்கற ஸ்ட்ரோப் அட்டையில 180 கோடு இருக்கும், தட்டு மேல வச்சு கரண்ட்ல எரியற பழைய குண்டு பல்பு வெளிச்சத்துல பாத்தா கோடு நின்ன இடத்துலயே நிக்கணும், எல்இடி வெளிச்சத்துல பல சமயம் தெரியாது. வேகம் நூத்துல ஒரு பங்கு தப்பினாலே ஒரு அரை ஸ்வரத்துல ஆறுல ஒரு பங்கு சுருதி நகந்துடும். அமெரிக்காவுல இருந்து யாராவது கொண்டு வந்த பழைய டர்ன்டேபிள்னா கவனமாப் பாருங்க, அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 50, கரண்ட் ஹெர்ட்ஸைப் பொறுத்து ஓடற சிங்க்ரோனஸ் மோட்டார் வச்சதா இருந்தா ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும்.

எந்த ரூம்ல கேக்கறது

இதைப் பத்தி யாரும் எழுதறதில்ல, ஆனா செட்டிநாட்டு வீட்டுல இருக்கறவங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பாட்டைப் போட்டா வளவுல (முத்தத்தைச் சுத்தின கூடத்துல) உக்காந்து கேக்கத்தான் தோணும், தேக்குத் தூணும் முத்தத்துல இருந்து வர்ற காத்தும் சேந்து அவ்வளவு சொகமா இருக்கும். ஆனா ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி இழைச்ச சுண்ணாம்புச் சுவர், ஒசந்த மச்சு, இது மூணும் சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். 'ஸ', 'ச', 'த்' இதெல்லாம் ரெட்டையாக் கேக்கும், எந்தத் தட்டைப் போட்டாலும் கொஞ்சம் கூர்மையாத்தான் இருக்கும், மென்மையா வெட்டின தட்டு நல்லதுன்னும் தெளிவா வெட்டின தட்டு மோசம்னும் தோணிடும்.

ஒப்பிடறதுக்கு மட்டும் உள்ளறைக்கு, இல்லன்னா ரெண்டாம் கட்டுல ஏதாவது சின்ன ரூமுக்கு மாறுங்க. தரையில ஜமுக்காளம், ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவர் ஓரமா மடிச்சு வச்ச மெத்தை, தலையணை, கல்யாணத்துக்கு எடுக்கற பெரிய பாய், எது இருக்கோ அதைப் போடுங்க. ஃபேனை நிறுத்துங்க, கஷ்டம்தான், ஆனா ஃபேன் சத்தத்துல தம்புரா எப்படிக் கேக்குதுன்னு சொல்லவே முடியாது. ராத்திரி எல்லாரும் படுத்தப்பறம் கேட்டா இன்னும் நல்லது. ரூமே சரியில்லன்னா ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, பாட்டை ரசிக்கறதுக்கு வளவு இருக்கவே இருக்கு.

சத்த அளவை ஒண்ணாக்குங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க

ரெண்டு தட்டுல எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதைத்தான் காது நல்லதுன்னு சொல்லும். ஒரு டெசிபல் கூட இருந்தாலே போதும், "சத்தம் கூட"ன்னு நமக்குத் தெரியாது, "உயிரோட இருக்கு"ன்னுதான் தோணும். ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு அளவுல இருக்கறதால ஒரே வால்யூம்ல வச்சு ரெண்டையும் ஓட்டிப் பாக்கறது செல்லாது.

செல்போன்ல சத்தம் அளக்கற ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க, நீங்க உக்கார்ற இடத்துல தலை மட்டத்துல வைங்க, குரல் மட்டும் வர்ற அதே வரியை அரை நிமிஷம் ஓட்டி சராசரியைக் குறிச்சுக்கோங்க, அடுத்த தட்டுல அதே வரியில அதே சராசரி வர்ற வரைக்கும் வால்யூமைத் திருப்புங்க. உச்ச அளவைப் பாக்காதீங்க, ஒரு கீறல் படக்குன்னு அடிச்சா அதுதான் உச்சமாப் பதியும்.

கம்ப்யூட்டர்ல பதிய வசதி இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு தட்டையும் ஆடாசிட்டிங்கற சாஃப்ட்வேர்ல பதிஞ்சு, அதே பகுதியை வெட்டி, அளவை ஒண்ணாக்கி, வீட்டுல யாரையாவது கூப்பிட்டு "எதைப் போடறேன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போடு"ன்னு உக்காத்துங்க. பேர் தெரியாமக் கேக்கறப்ப காது ரொம்ப நேர்மையா இருக்கும். லண்டன் பிரஸ்ஸிங்னு தெரிஞ்சா மனசு முன்னாடியே மார்க் போட்டுடும்.

இப்பக் கேளுங்க

ஒரே பாட்டு, அதுலயும் ஒரு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். முழுப் பக்கத்தையும் கேட்டுட்டு அடுத்ததைப் போட்டா முதல்ல கேட்டது மறந்தே போயிருக்கும்.

எந்தப் பாட்டை எடுக்கறதுங்கறதுலயும் விஷயம் இருக்கு. எம்.எஸ். பாடி 1963ல வந்த வெங்கடேச சுப்ரபாதம் நம்ம பக்கம் தேடினா கிடைக்கற தட்டு, சம்ஸ்கிருதத்துல 'ஸ', 'ஷ', 'ஶ' வரிக்கு வரி வர்றதால வெட்டின தரத்தையும் தேய்மானத்தையும் சோதிக்க அதைவிட நல்லது இல்ல. கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைச்ச கிருஷ்ண கானம் இன்னொரு நல்ல தேர்வு, டி.எம்.எஸ்., சுசீலா, ஜானகி, எஸ்.பி.பி.-னு வேற வேற கனத்துல குரல்கள் ஒரே ஆல்பத்துல வருது. டி.எம்.எஸ். குரலோட அடிக்கனம் ஒரு பிரதியில குறைஞ்சு இருந்து, சுசீலா குரலும் அதே பிரதியில மெலிஞ்சு இருந்தா அது வெட்டினவர் பண்ணினது. ஒருத்தர் குரல் மட்டும் கெட்டிருந்தா அந்தப் பாட்டை அந்த வீட்டுல அதிகமா ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம், பாட்டு எந்த வீட்டுக்குப் பிடிச்சதுன்னு கூட தேய்மானம் சொல்லிடும்.

முதல்ல 'ஸ'வைக் கேளுங்க. நல்ல தட்டுல 'ஸ' நாக்கு நுனியில இருந்து வர்றது தெரியும், வந்த இடத்துலயே முடியும். கெட்டதுல 'ஸ' குரலை விட்டுத் தனியாப் பிரிஞ்சு ஸ்பீக்கர்ல இருந்து உஸ்ஸுன்னு தெறிக்கும். அது பக்கம் முழுக்க ஒரே மாதிரி கூர்மையா இருந்தா வெட்டினப்ப மேல் சத்தத்தை ஏத்தியிருக்காங்க, டிரெபிளைக் கொஞ்சம் குறைச்சா சரியாயிடும். சத்தமான இடத்துல மட்டும் கரகரன்னு கிழிஞ்சா அது தேய்மானம், எதைத் திருப்பினாலும் போகாது. பழைய ரேடியோகிராம்ல எல்லாம் ஊசி எடை பல கிராம் இருக்கும், அதுல வருஷக்கணக்கா ஓடின தட்டு எவ்வளவு அபூர்வமான பிரஸ்ஸிங்கா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், பாக்கறதுக்குப் பளபளன்னு கூட இருக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சுட்டாலே நீங்க கத்துக்க வேண்டியதுல பாதி முடிஞ்சது.

அடுத்தது கார்வை. ஒரு ஸ்வரத்துல நீளமா நிக்கற இடத்தைக் கேளுங்க, ரெண்டு நொடிக்கு ஒரு தடவை சுருதி லேசா ஏறி இறங்கினா நடுத்துளை தள்ளிப் போயிருக்கு, தட்டு 1.8 நொடிக்கு ஒரு சுத்து சுத்துதுல்ல, அந்தக் கணக்கு. துளை 1 மில்லிமீட்டர் தள்ளியிருந்தா உள்பக்கப் பாட்டுல சுருதி அரை ஸ்வரத்துல கால் பங்குக்கு மேல மேலயும் கீழயும் ஆடும். பாப் பாட்டுல தெரியாமப் போகலாம், தம்புரா பின்னாடி நிக்கறப்ப சகிக்கவே முடியாது. இது அந்த ஒரு தட்டோட குறை, அந்த பிரஸ்ஸிங் மொத்தத்துக்கும் சொல்லிடாதீங்க.

மிருதங்கம் இருந்தா தொப்பியையும் (இடது பக்கம்) வலந்தலையையும் (வலது பக்கம்) தனித்தனியாக் கேளுங்க. தொப்பி வெறும் தும்முனு வருதா, இல்ல அடிச்சு இழுக்கற கும்கி தெரியுதா. குரலுக்கு எடுப்பா இருக்கட்டும்னு பாஸை வெட்டின தட்டுல வலந்தலை மட்டும் டக்குடக்குன்னு கேக்கும், முதல்ல தெளிவாத் தோணும், ரெண்டு கீர்த்தனை போனதும் காது களைச்சுடும். தம்புரா கடைசி. பாடகர் மூச்சு எடுக்கற இடைவெளியில தம்புரா தொடர்ந்து கேக்குதா, இல்ல தட்டோட இரைச்சல் அதை முழுங்கிடுதா. 1973 எண்ணெய் நெருக்கடிக்கப்பறம் உலகம் பூரா வினைல் தட்டுப்பாடு வந்து தட்டெல்லாம் மெல்லிசாச்சு, அந்தக் காலத்துத் தட்டுகள்ல இந்த இரைச்சலைக் கொஞ்சம் கூடுதலா கவனியுங்க. மெல்லிசா இருக்கறதாலயே சத்தம் மோசமாயிடாது, அதே மாதிரி இப்ப வர்ற 180 கிராம் தட்டு கனமா இருக்கறதாலயே நல்லாவும் ஆயிடாது, எந்த டேப்புல இருந்து யாரு எப்படி வெட்டினாங்கங்கறதுதான் கணக்கு.

பாட்டு தட்டுல எங்க இருக்கு

இதைப் புதுசா வர்றவங்க யாரும் கவனிக்கறதில்ல. எல்பி-யோட வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுது, உள்ள லேபிள் பக்கம் வர்றப்ப 21 சென்டிமீட்டர்தான். அதே 'ஸ' பாதிக்கும் கம்மியான இடத்துல நெருக்கி எழுதப்பட்டிருக்கும், ஊசியால அதைச் சரியாப் படிக்க முடியாது. அதனால ஒரு பாட்டு மூல ஆல்பத்துல முதல் பாட்டாவும், பின்னாடி வந்த தொகுப்புத் தட்டுல கடைசிப் பாட்டாவும் இருந்தா அதை வச்சு ரெண்டு பிரஸ்ஸிங்கை ஒப்பிடாதீங்க, தொகுப்புத் தட்டு தோத்துத்தான் போகும். பக்கத்துக்கு எத்தனை நிமிஷம்னும் பாருங்க. 20 நிமிஷம் சுமார்னா தாராளமா வெட்டலாம், 25ஐத் தாண்டினா பள்ளத்தை நெருக்கணும், சத்தத்தைக் குறைச்சு வெட்டணும், அப்ப இரைச்சல் மேல வந்துடும். ஒரே தட்டுல நெறய பாட்டு கிடைக்குதேன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

எழுதி வைங்க

ஒரு நோட்டுல ஆல்பம், லேபிள் நம்பர், ரன்அவுட் எழுத்து ரெண்டு பக்கமும், எந்தப் பாட்டு, எந்த வரி, எந்த ஊசி, என்ன கேட்டுச்சு. "நல்லாருக்கு"ன்னு எழுதாதீங்க, அடுத்த மாசம் படிச்சா ஒண்ணும் புரியாது. "சரணத்துல ஷ தெறிக்கல, தொப்பி மெலிவு, தம்புரா கடைசி வரைக்கும் கேக்குது"ன்னு எழுதுங்க. அட்டை மேல பேனாவால எழுதவே கூடாது, அந்தக் காலத்து ஆளுக ரப்பர் ஸ்டாம்பு குத்தினதும் பேர் எழுதினதும் போதும். சின்னத் துண்டுத் தாள்ல பென்சில்ல எழுதி உறைக்குள்ள சொருகிடுங்க.

யாராவது ஆச்சி வீட்டுல "எங்க ஐயா கேட்ட தட்டு, ஓட்டிக் காட்டுப்பா"ன்னு எடுத்துக் கொடுத்தா, வாங்கற பேச்சுக்கு முன்னாடி கழுவி ஒரு தடவை ஓட்டிக் காட்டிட்டு, அந்த வீட்டுக்குள்ளயே அதே ஆல்பத்துக்கு இன்னொரு பிரதி இருக்கான்னு கேளுங்க. அண்ணன் தம்பி பங்குல பல சமயம் இருக்கும், அதுல ஒண்ணு ஓட்டாமலே கெடந்திருக்கும்.

கடைசியா, ஒரு பிரதியை வச்சுக்கிட்டு இன்னொண்ணக் கொடுத்துடலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி தட்டைத் திருப்பிப் போட்டு ரெண்டாவது பக்கத்தையும் இதே மாதிரி ஒப்பிடுங்க. ரெண்டு பக்கத்துக்கும் லேக்கரும் வேற, ஸ்டாம்பரும் வேற, ஓட்டின அளவும் வேற. ஒரு பிரதியில முதல் பக்கம் பிரமாதமா இருக்கும், இன்னொண்ணுல ரெண்டாவது பக்கம், அப்படி இருந்தா ரெண்டையும் வச்சுக்கோங்க.